கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்: குமரி மாவட்டத்தில் தொழில்நுட்பப் பெண்களுக்கான சந்திப்பை நடத்துவது எப்படி?

மார்ச் 8 வந்தால் கோலப் போட்டி, கேக், பொன்னாடை, குரூப் போட்டோ. இந்த விளக்கம் அப்படிப்பட்ட விழாவுக்கானது அல்ல. கணினியோடு வேலை செய்கிற, அல்லது செய்ய ஆசைப்படுகிற 30 பெண்கள் ஒரு நாள் கூடி, தங்கள் கையாலேயே எதையாவது செய்து பார்த்து, ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே. நீங்கள் இதற்குமுன் எதையும் நடத்தியிருக்க வேண்டியதில்லை. ஒத்த மனதுள்ள மூன்று பேர் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

உலகம் முழுக்க இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பெண்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற அமைப்பு 2014-இல் பெர்லினில் ஒரே ஒரு பயிற்சிப் பட்டறையாகத் தொடங்கியது. போலந்துக்காரப் பெண்கள் இருவர் தொடங்கிவைத்தார்கள். கட்டணமில்லாத ஒரு நாள் பயிற்சி, முன் அனுபவம் தேவையில்லை, ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி. இந்த அமைப்பு பல நாடுகளுக்குப் பரவியது. அவர்களுடைய பாடமும் நடத்துவோருக்கான கையேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்துப் பயன்படுத்துங்கள். ஆனால் தேதி, இடம், வண்டி, வீட்டுச் சம்மதம் இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் நம்மூருக்கு ஏற்ற மாதிரி இருக்காது. அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

படி 1: யார் வர வேண்டும் என்று எழுதுங்கள்

‘தொழில்நுட்பத்தில் பெண்கள்’ என்றதும் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நம் மாவட்டத்தில் பட்டியல் வேறு. வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் (மருத்துவ அறிக்கைகளுக்குக் குறியீடு போடும் வேலை) பார்ப்பவர்கள், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவர்கள், பள்ளியில் கணினி எடுக்கும் டீச்சர்கள், பி.இ. முடித்துக் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர்கள், கோணம் பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள். இவர்கள் எல்லோரும் உங்கள் கூட்டத்துக்கு உரியவர்கள்தான். ‘டெவலப்பர்களுக்கு மட்டும்’ என்று அழைப்பிதழில் போட்டால் இதில் முக்கால்வாசிப் பேர் ‘இது நமக்கில்லை’ என்று நகர்ந்துவிடுவார்கள்.

திருநங்கைகளும் வரலாம் என்றால் அதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் தயங்குவார்கள். தயங்குகிறவர் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார், வராமல் இருந்துவிடுவார்.

பட்டியல் முடிந்ததும் அதில் மிகத் தொலைவில் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமம், அல்லது நீரோடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் ஒரு பெண், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிட முடியுமா? இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை வைத்தே சரிபாருங்கள்.

படி 2: தேதி

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு என்று கணக்குப் போடுவது ஆண்களின் கணக்கு. இங்கே காலையில் பலருக்குத் திருப்பலி அல்லது ஆராதனை. அது முடிந்தால் மதியச் சமையல், வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள். பெண்களுக்கு வாரத்திலேயே வேலை அதிகமான நாள் அதுதான். இரண்டாம் சனிக்கிழமை நல்லது. பள்ளிக்கூடமும் இருக்காது, வங்கியும் இருக்காது. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா நேரம் நடுவில் வரும்.

அப்புறம் மாவட்டத்துக் காலண்டரை எடுத்து வையுங்கள். கோட்டார் சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை என்று இன்னும் இரண்டு உள்ளூர் விடுமுறைகள். அந்த நாட்களில் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. ரமலான் மாதம் எப்போது என்று பாருங்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, வர நினைத்தவர்களும் ஏதாவதொரு கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

மழை தனிக் கதை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அடா லவ்லேஸ் நாள் அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறது. கணினி வரலாற்றில் முக்கியமான பெண்ணின் பெயரிலான நாள்தான், ஆனால் இங்கே கொட்டும் மழையும் கரன்ட் கட்டுமாக இருக்கும். போதாததற்கு வேலை நாள் வேறு. பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் நடுவரை உள்ள காலம்தான் எனக்குப் பிடித்தது. உலக நாட்கள் அவை பாட்டுக்கு வரட்டும், நம் தேதியை நாம் வைப்போம்.

நேரம் காலை 10 முதல் 3 வரை. 3 மணி என்றால் 3 மணி. கடைசிப் பேச்சாளர் இழுத்தால் மைக்கை வாங்கிவிடுங்கள்.

படி 3: இடம்

நம் மாவட்டத்தில் இடம் தேடுவது கொஞ்சம் நுணுக்கமான வேலை. மண்டபங்களில் பலவும் ஏதாவது ஒரு சபைக்கோ, சமுதாயத்துக்கோ, கோயிலுக்கோ சொந்தமாக இருக்கும். வாடகை குறைவு, மனதாரக் கொடுப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரைப் பார்த்ததுமே ‘இது அவங்க ஆட்கள் நடத்தறது’ என்று பாதி ஊர் முடிவு கட்டிவிடும். அதனால் முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வந்துபோகிற பொது இடமாகப் பாருங்கள். கல்லூரிக் கணினி ஆய்வகம், நூலக அறை, பள்ளிக்கூடம். இரண்டு மூன்று கூட்டம் நடந்து, நீங்கள் யார் என்று தெரிந்த பிறகு மண்டபத்துக்கு மண்டபம் மாறி மாறி நடத்தினாலும் தவறில்லை. அது ஒருவகையில் நல்லதும்கூட.

ஆய்வகம் என்றால் இன்னொரு வசதி, சொந்த லேப்டாப் இல்லாதவர்களும் வரலாம். ‘லேப்டாப் கொண்டு வரவும்’ என்ற ஒற்றை வரி எத்தனை பேரைத் தடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த ஊர்? நாகர்கோவில் வசதிதான். ஆனால் விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மார்த்தாண்டத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பஸ்ஸில் இருக்க வேண்டும். தக்கலை நடுவில் இருக்கிறது. இல்லையென்றால் ஒருமுறை நாகர்கோவில், ஒருமுறை மார்த்தாண்டம் என்று மாற்றி வையுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பின்னர் திருநங்கைகளுக்கும் அப்படியே. அந்த பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இடம் இருந்தால் பலருக்குப் போக்குவரத்துச் செலவே இருக்காது. எந்தெந்த பஸ், எந்த நிறுத்தம், திரும்பிப் போக எத்தனை மணிக்கு என்பதை அழைப்பிதழின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள்.

நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, குப்பைத்தொட்டி இருக்கிறதா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா. ‘ஆய்வகம் மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை’ என்றால் வேறு இடம் தேடுங்கள்.

படி 4: அழைப்பும் பதிவும்

இன்ஸ்டாகிராமில் போட்டால் இன்ஸ்டாகிராமில் இருப்பவர்கள் வருவார்கள். மற்றவர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கோயில், சர்ச், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகள், ஜெராக்ஸ் கடை, லேடீஸ் ஹாஸ்டல். எளிய தமிழில் எழுதுங்கள். மேற்குப் பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் கேட்க வேண்டியவை: பெயர், கைபேசி எண், எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில், லேப்டாப் வேண்டுமா, குழந்தையோடு வருகிறீர்களா, வேறு ஏதாவது உதவி தேவையா. அப்பா பெயர், கணவர் பெயர், மதம், கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் நமக்கு எதற்கு?

எண்களை வாங்கியதும் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். சாதாரண குரூப்பில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாளே யாரோ ஒருவரிடமிருந்து ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ வரத் தொடங்கும். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்துங்கள். அதில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும்.

வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள். குழுவிலுள்ள ஒரு பெண்ணே பேசட்டும். “மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும் அக்கா. பிள்ளையள பஸ்ல ஏத்திவிட்டுட்டுத்தான் நாங்க கெளம்புவோம். நீங்களும் வாங்களேன்” என்று சொன்னால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அப்படிச் சொன்னால் செய்யவும் வேண்டும். துணைக்கு வரும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வாசல் பக்கம் நாற்காலி, ஒரு சாயா. உள்ளே வேண்டாம். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

படி 5: என்ன செய்யப் போகிறோம்

சிறப்பு விருந்தினரைக் குறையுங்கள். குத்துவிளக்கும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து பாடிவிட்டு வேலைக்கு வந்துவிடலாம். பேச ஒருவர் வேண்டுமென்றால் இங்கேயே வேலை செய்யும் ஒரு பெண்ணை 20 நிமிடம் பேசச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, வேலையை எப்படிப் பிடித்தார், நைட் ஷிஃப்டை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார் என்று அவர் சொல்வதுதான் கேட்கிறவர்களுக்குப் பயன்படும்.

மீதி நேரம் முழுக்கக் கைவேலை. சொந்தமாக ஒரு சின்ன வலைப்பக்கம், பைத்தான் என்ற நிரல்மொழியின் அறிமுகம், தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திருத்துவது, இவற்றில் ஏதாவது ஒன்று. மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். மென்பொருளை முந்தைய நாளே எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடுங்கள். தேவையானவற்றை பென்டிரைவிலும் வைத்திருங்கள், வைஃபையை நம்பி உட்காரவேண்டாம். விளக்கம் தமிழில், கட்டளைகள் இருக்கிறபடியே. கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுச் சீட்டும் ஒரு பெட்டியும்.

படி 6: நடத்தை விதி

அரைப் பக்கம் போதும், தமிழில். யாரையும் சாதி, மதம், உடல், உடை, பேச்சு வழக்கு வைத்துக் கேலி செய்யக்கூடாது. கேட்காமல் போட்டோ எடுக்கக்கூடாது. எண் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. மீறினால் வெளியே அனுப்புவோம். இதை வாசலில் ஒட்டுங்கள், காலையில் ஒருமுறை வாசியுங்கள். புகார் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றங்களுக்கு 1930, இரண்டையும் கீழே போட்டுவிடுங்கள். பேச்சில் வேலையிடப் பாலியல் தொல்லை பற்றி வந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு என்று சொல்லுங்கள். இ-சேவை மையத்திலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

போட்டோ வேண்டாம் என்பவர்களின் அடையாள அட்டையில் சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

படி 7: குழந்தை, சாப்பாடு, காசு

ஒரு மூலையில் பாய், கிரயான், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். பால் கொடுக்க மறைவான ஓர் அறை. மதியத்துக்கு எளிய சைவச் சாப்பாடு, 11 மணிக்கு சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும். யார் வீட்டு வழக்கத்துக்கும் இடைஞ்சல் இல்லை.

காசை ஒரே கையிலிருந்து வாங்காதீர்கள். தொழில்நுட்பப் பெண்களுக்கான விமென் ஹூ கோட் போன்ற பெரிய உலக அமைப்பே நிதி இல்லாமல் 2024-இல் மூடப்பட்டது. இடம் கல்லூரி தரட்டும், பஜ்ஜி ஒரு கடைக்காரர் தரட்டும், அச்சுச் செலவை வேலையிலிருக்கும் நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளட்டும். ஒருவர் விலகினாலும் கூட்டம் நிற்காது.

படி 8: முடிந்த பிறகு

வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள். பதிவு செய்துவிட்டு வராதவர்களைக் கூப்பிடுங்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பஸ் வரவில்லை, போட்டோ போடுவீங்கன்னு நினைச்சேன், மூன்றாவது மாடின்னு சொன்னாங்க. அடுத்த கூட்டத்தில் மாற்ற வேண்டியது எது என்று அந்தப் பதில்களிலேயே இருக்கும். கேட்டதை ஒரு நோட்டில் ஊர்வாரியாகக் குறித்துவையுங்கள். எந்தத் திசையிலிருந்து யாருமே வரவில்லையோ, அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இடம் தேடுங்கள். அங்கே வசிக்கும் ஒரு பெண்ணை நடத்தும் குழுவில் சேர்த்துக்கொண்டு, தேதியை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.