சாவி வீட்டுக்குள், கார் வெளியே: கீலெஸ் கார் வாங்கும் புதியவர்களுக்கு

புதிய நாட்டுக்கு வந்து, வேலை, வீடு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அதன் பிறகு பலர் கடனில் ஒரு கார் வாங்குகிறோம். ஒரு நாள் காலையில் அது வாசலில் இல்லை என்றால் அன்றைக்கே வேலைக்குப் போக வழியில்லை. கார் போய்விட்டது என்பதற்காகக் கடன் தவணை நிற்காது. ஆகவே கதவைத் தொட்டாலே திறந்து, பொத்தானை அழுத்தினாலே கிளம்பும் 'கீலெஸ்' (சாவியைச் செருகத் தேவையில்லாத) வண்டியை வாங்குகிறவர்கள், முதல் இரவே செய்ய வேண்டிய சில காரியங்களைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே காரைக் கிளப்பிக்கொண்டு போகும் 'ரிலே' திருட்டு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதுகாப்பு பாதி கைக்கு வந்துவிடும். நீங்கள் கைப்பிடியைத் தொட்டவுடன் கார் மிகப் பலவீனமான ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. பெரும்பாலான வண்டிகளில் அதன் அதிர்வெண் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ்; ஓரிரு மீட்டருக்கு மேல் அது போகாது. சட்டைப் பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் தன் ரகசியக் குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. பதில் வந்துவிட்டதா, அப்படியானால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் எண்ணிக்கொள்கிறது. தூரத்தை அது அளப்பதில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

திருடர்கள் இருவராக வருகிறார்கள். ஒருவன் கார் அருகில் நிற்கிறான். மற்றவன் ஓர் ஆண்டெனாவை வீட்டுக் கதவுக்கோ சன்னலுக்கோ பக்கத்தில் பிடிக்கிறான். காரின் அழைப்பை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்ப, அது சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் சாவியை எட்டுகிறது. கார் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துச் சாவியும் பதில் சொல்கிறது. கதவு திறக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. கண்ணாடி உடைவதில்லை, அலாரம் அடிப்பதில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாமல் வேலை முடிந்துவிடலாம். 2011இல் சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் சோதித்தார்கள், பத்துமே ஏமாந்தன. குறியீடு எவ்வளவு வலுவானது என்பது இங்கே பொருட்டே இல்லை. அதை யாரும் உடைப்பதில்லை. உங்கள் சாவி சொன்ன உண்மையான பதிலையே தூரத்துக்குக் கடத்துகிறார்கள்.

கிளம்பிய பிறகு சாவியின் எல்லையைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. வேகமாகப் போகும் சாலையில் இன்ஜின் திடீரென்று அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சாவியைக் காணவில்லை என்று எச்சரிப்பதோடு கார் விட்டுவிடும். எரிபொருள் தீரும்வரை ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இரவில் சாவியின் வாயை அடைத்துவிடுங்கள். அதற்கு ஃபாரடே பை என்று விற்கிறார்கள். உலோக இழை பதித்த துணியால் தைத்த சிறு பை. ரேடியோ அலை அதற்குள் போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. வாங்கியதும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சாவியைப் பைக்குள் மூடிக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டிய காரின் அருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்தப் பை பயனில்லை. மடித்து மடித்து உள் இழை கிழிந்துபோகும் என்பதால், அவ்வப்போது இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்தும் உலோகப் பெட்டியும் போதும், ஆனால் அதுவும் இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும். சாவியை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறந்துபோய் யாராவது இயக்கிவிட்டால் சாவியும் போகும், தீயும் பிடிக்கலாம்.

மாற்றுச் சாவியை மறப்பதுதான் பொதுவாக நடப்பது. தினமும் எடுக்கும் சாவி பத்திரமாகப் பைக்குள் இருக்கும். இரண்டாவது சாவி வாசலை ஒட்டிய மேசை இழுப்பறையில் கிடக்கும். திருடனுக்கு எந்தச் சாவி பதில் சொன்னாலும் ஒன்றுதான். பல பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் எல்லாருடைய சாவியும் கதவருகே ஒரே ஆணியில் தொங்குவதைப் பார்க்கிறேன். சாவிகளை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். அதுவே பைக்கு ஈடாகிவிடாது என்றாலும் திருடனின் வேலையைக் கடினமாக்கும்.

பை வேண்டாம் என்றால் கீலெஸ் வசதியையே அணைத்துவிடலாம். சில கார்களில் திரையில் உள்ள அமைப்புகளிலேயே அதற்கு வழி உண்டு. டொயோட்டாவின் பல சாவிகளில், பூட்டும் பொத்தானை அழுத்தியபடியே திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு நான்கு முறை மின்னி, சாவி உறங்கிவிடும்; காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கு என்ன முறை என்பது கையேட்டில் இருக்கும். அந்தப் புத்தகத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சாவியில் அசைவு உணரி இருக்கிறதா? இருந்தால், அசையாமல் கிடக்கும் சாவி சிறிது நேரத்தில் தானாகவே உறங்கிவிடும். அல்ட்ரா வைடுபேண்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு சாவி இருக்கும் தூரத்தைக் கார் சரிபார்க்கிறதா? இந்த முறையில் அலை போய்த் திரும்பும் நேரத்தை நானோ நொடிக் கணக்கில் அளக்கிறார்கள். நடுவில் யார் கடத்தினாலும் நேரம் கூடத்தான் செய்யும், குறையாது என்பதால் ரிலே பிடிபட்டுவிடும். அல்ட்ரா வைடுபேண்ட் சில்லு காரில் இருக்கிறது என்ற பதில் போதாது; தூரத்தைச் சரிபார்க்க அது பயன்படுகிறதா என்பதுதான் கேள்வி. டெஸ்லாவில் உள்ளதுபோல, ரகசிய எண்ணைப் போட்டால்தான் வண்டி நகரும் வசதி எந்தக் காரில் இருந்தாலும் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சாவியைக் கொடுத்து, மற்றது தொலைந்துவிட்டது என்றால், அது யார் கையில் இருக்கிறதோ தெரியாது. காரின் நினைவகத்திலிருந்து பழைய சாவிகளை எல்லாம் நீக்கி, உங்களிடம் இருப்பதை மட்டும் பதியச் சொல்லுங்கள். கார் நிறுவனத்தின் பணிமனையிலும், கார் சாவி செய்யும் தொழில்முறைப் பூட்டுக்காரரிடமும் இதைச் செய்துகொள்ளலாம். காப்பீட்டு நிறுவனமும் இழப்பீடு கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் கேட்கக்கூடும்.

ஃபாரடே பை எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, பணிமனைகள் காரின் கணினியைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஓ.பி.டி. இணைப்பில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிந்துகொள்ளும் திருடர்கள் இருக்கிறார்கள். முகப்பு விளக்கின் பின்னால் ஓடும் வயர்கள் வழியாகக் காரின் உள் வலையமைப்புக்குள் பொய்க் கட்டளை அனுப்பும் முறையும் உண்டு. வாகன மின்னணுவியல் ஆய்வாளர் இயன் டேபரின் டொயோட்டா ராவ்4 2022இல் இப்படித்தான் திருடுபோனது. 2023இல் அவருடைய நண்பர் கென் டிண்டெல் அந்த முறையை விரிவாக விளக்கி எழுதினார். இதில் சாவிக்கு வேலையே இல்லை. அதனால் கண்ணில் படும் ஒரு இரும்பு ஸ்டியரிங் பூட்டையும் போடுங்கள். அறுத்து எடுக்க முடியும்தான், ஆனால் சத்தம் எழும், நேரம் பிடிக்கும். இரண்டுமே திருடனுக்குப் பிடிக்காதவை.

காப்பீட்டுப் படிவத்தில் கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை உள்ளபடி எழுதுங்கள். தெருவில் நிறுத்திக்கொண்டு கொட்டகைக்குள் என்று எழுதினால் இழப்பீடு கேட்கும் நாளில் அது வம்பாகிவிடும். கடனில் வாங்கிய காருக்குக் காப்பீடு பொதுவாக அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். மீதிக் கடன் அதைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும். அதை ஈடுகட்டும் தனிக் காப்பீடு கிடைக்கிறதா என்று கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே விசாரியுங்கள்.

பாஸ்போர்ட், குடிவரவுத் தாள்கள், வீட்டுச் சாவி, கராஜ் ரிமோட் எதையும் காரில் விட்டுவைக்காதீர்கள். வந்த புதிதில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலையும்போது ஆவணங்களைக் காரிலேயே வைத்துவிடும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அவற்றைத் திரும்பப் பெறக் காரைவிட அதிகக் காலம் பிடிக்கலாம்.

கார் போய்விட்டது தெரிந்தால் உடனே காவல்துறையை அழையுங்கள். உங்கள் விசா எந்த வகையாக இருந்தாலும் தயங்காதீர்கள். காரைப் பறிகொடுத்தவராகப் புகார் செய்வது உங்கள் உரிமை. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்கும், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். காருக்குள் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தால் அந்தத் தகவலைக் காவல்துறையிடம் கொடுங்கள். இடம் தெரிந்துவிட்டது என்று நீங்களோ நண்பர்களோ அங்கே தேடிப் போகவே கூடாது. வாகன அடையாள எண்ணும் பதிவு எண்ணும் புகார் கொடுக்கும்போது தேவைப்படும். இன்றைக்கே அவற்றைப் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.