செக்கைப் போட்ட பிறகு அது எங்கே போகிறது? முதன்முறை செக் போடுகிறவர்களுக்கு

மும்பையில் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவில், அதாவது மற்ற வங்கிகளின் செக்குகளை அனுப்பிப் பணம் வாங்கும் பிரிவில், பல வருடம் வேலை பார்த்தவன் நான். சாயங்காலமானால் வந்த செக்குகளை வங்கிவாரியாகப் பிரிப்போம், கட்டுக் கட்டுவோம், கூட்டுத்தொகைச் சீட்டு வைத்துப் பையில் போட்டு அனுப்புவோம். கூட்டுத்தொகையில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்றைக்கு வீடு போய்ச் சேர இரவாகிவிடும். இப்போது அந்தப் பை கிடையாது. செக்கின் படம் மட்டும்தான் போகிறது.

போன மாதம் தாராவி 90 அடி ரோட்டில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், திரும்பி வந்த செக்கோடு என்னைத் தேடி வந்தார். 42,000 ரூபாய். "தம்பி, கையெழுத்து சரியாத்தான் இருக்கு. கணக்குல பணமும் இருக்குன்னு பார்ட்டி சொல்றாரு. அப்புறம் ஏன் திருப்பினாங்க?" என்று கேட்டார். செக்கோடு வங்கி தந்த ரிட்டர்ன் மெமோ என்ற சீட்டில் 'படம் தெளிவில்லை' என்று காரணம் போட்டிருந்தது. செக்கைப் பார்த்தேன். பார்ட்டியின் கம்பெனி சீல் கையெழுத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செக்கை வெளிச்சத்தில் பிடியுங்கள்

கையில் ஒரு செக் இருந்தால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். தாளுக்குள்ளேயே 'சி.டி.எஸ். இந்தியா' என்ற நீரோட்ட எழுத்து ஆங்கிலத்தில் மங்கலாகத் தெரியும். செக்கின் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் வாங்குகிற முறைக்குத்தான் சி.டி.எஸ். என்று பெயர். 2010-இல் வகுத்த பொதுத் தரத்தின்படி அச்சான தாள் என்பதற்கு அது அடையாளம். இந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் ஓர் எச்சரிக்கைச் சொல் நகலில் மேலெழும்பி வரும். வங்கியின் சின்னமும் புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற மையில் அச்சாகியிருக்கும்.

இப்போது அடியில் இருக்கிற வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். கோணல்மாணலாக, ஒரு தினுசான எழுத்தில் எண்கள் ஓடும். அது காந்த மை. முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கம்தான் எம்.ஐ.சி.ஆர். குறியீடு. அதில் முதல் மூன்று ஊர், நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. மும்பைக்கு 400, டெல்லிக்கு 110, பெங்களூருக்கு 560, சென்னைக்கு 600. பின்கோடின் முதல் மூன்று எண்தான் அது. செக் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதை இயந்திரம் இந்தப் பட்டையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆகவே அங்கே எழுத வேண்டாம், மடிக்க வேண்டாம், பின் குத்தவே வேண்டாம்.

எழுதும்போது கேமராவை மனதில் வையுங்கள்

பழைய காலத்தில் செக்கை ஓர் அதிகாரி கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, சந்தேகம் என்றால் விளக்கடியில் வைத்துப் பார்ப்பார். இப்போது பணம் தர வேண்டிய வங்கி அந்தத் தாளைத் தொடுவதே இல்லை. படத்தில் தெரிவது மட்டும்தான் அவர்களுக்குச் செக். தெரியாதது எழுதாததற்குச் சமம்.

கறுப்பு அல்லது அடர் நீல மையில் அழுத்தி எழுதுங்கள். சீல் வைப்பதாக இருந்தால் தேதி, பெயர், தொகை, கையெழுத்து இந்த நான்கின் மேலும் படாமல் வையுங்கள். அண்ணாச்சியின் செக்கில் நடந்தது இதுதான்: நம் கண்ணுக்கு ஊதா சீல் தனியாக, நீலக் கையெழுத்து தனியாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே திட்டாகிவிட்டன.

அடித்தல் திருத்தலுக்கு இடமே இல்லை. முன்பெல்லாம் திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர பெயரிலோ தொகையிலோ எந்தத் திருத்தமும் செல்லாது. பிழை வந்தால் வேறு தாள் எடுத்து எழுதுங்கள். ஒரு தாள் போனால் போகட்டும்.

வங்கியில் கொடுக்கும்போது

சலானை நிரப்புங்கள். செக்கின் பின்பக்கம் உங்கள் கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிராப் பாக்ஸில் போடலாம், ஆனால் பெரிய தொகை என்றால் கவுண்டரில் கொடுத்துச் சலானின் அடிக்கட்டையில் சீல் வாங்குவதுதான் என் பழக்கம். கவுண்டரில் நீட்டிய செக்குக்கு ஒப்புகை தர மாட்டோம் என்று எந்தக் கிளையும் சொல்லக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தயங்காமல் கேளுங்கள்.

ஸ்கேனருக்குள் என்ன நடக்கிறது

தாளின் பயணம் உங்கள் வங்கியோடு நின்றுவிடுகிறது. ஸ்கேனர் ஒரு செக்கை மூன்று படமாக எடுக்கிறது: முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களோடு ஒன்று, முன்பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. காந்த மை எண்களையும் அதே ஓட்டத்தில் படித்துவிடும். படத்தின் தரத்தை மென்பொருள் சோதிக்கும். மங்கல், சாய்வு, மூலை மடிந்தது எல்லாம் இங்கே பிடிபடும். அப்புறம் வங்கியின் டிஜிட்டல் கையொப்பம் ஏறும். வழியில் யாராவது படத்தில் கை வைத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

படங்களும் எண்களும் என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நடத்துகிற கிளியரிங் ஹவுஸுக்குப் போய், அங்கிருந்து பணம் தர வேண்டிய வங்கிக்குப் போகின்றன. தாளைச் செக் பெற்றுக்கொண்ட வங்கியே 10 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாளே இல்லாமல் படத்துக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி செல்லுமா என்று கேட்பார்கள். செல்லும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் செய்து இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். இந்த சி.டி.எஸ். முறை டெல்லியில் 2008 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, சென்னைக்கு 2011 செப்டம்பரிலும் எங்கள் மும்பைக்கு 2013 ஏப்ரலிலும் வந்தது. வெளியூர் செக் என்றால் தபாலில் போய்த் திரும்பி வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அப்படி நடுவழியில் நிற்கும். அந்தக் கஷ்டம் ஒழிந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பணம் தர வேண்டிய வங்கியில்

அங்கே ஓர் அதிகாரி திரையில் பார்க்கிறார். ஒரு பக்கம் செக்கின் படம், இன்னொரு பக்கம் மாதிரிக் கையெழுத்து. தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, இருப்பு, 'பணம் தராதே' என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பது எல்லாம் பார்க்கப்படும்.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் எழுதுகிறவர்களுக்கு 'பாசிட்டிவ் பே' என்ற வசதி 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. செக்கைக் கொடுத்ததும் அதன் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை உங்கள் வங்கிக்கு ஆப்பிலோ கிளையிலோ தெரிவித்துவிட்டால், வருகிற செக்கை அதோடு ஒப்பிடுவார்கள். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கலாம். பெரிய தொகை எழுதுகிறவர்கள் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

2025 அக்டோபர் 4 முதல் இன்னொரு பெரிய மாற்றம். முன்பு செக்குகளை மொத்தமாகச் சேர்த்து ஒரு நேரத்தில் அனுப்புவார்கள். இப்போது ஸ்கேன் ஆக ஆகப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வங்கி சரி அல்லது இல்லை என்று அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். மாலை 7 மணி வரை பதில் இல்லை என்றால் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்ப்பது பகலில் மணிக்கு ஒரு தரம் நடக்கிறது. தீர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் பணம் வர வேண்டும்.

இதனால் காலையிலேயே போய்ச் செக்கைக் கொடுங்கள். நீங்கள் செக் எழுதுகிறவர் என்றால், 'நாளைக்குத்தானே போகும், இன்றைக்கு ராத்திரி பணம் போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். எழுதும்போதே பணம் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தால்

பதற வேண்டாம், மெமோவில் காரணத்தைப் படியுங்கள். கணக்கில் பணம் இல்லை என்று திரும்பியிருந்தால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு விஷயம். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் செக் எழுதியவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால்தான் வழக்கு. நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள், ஒரு நாள் தவறினாலும் சிக்கல். செக்குக்கே ஆயுள் தேதியிலிருந்து 3 மாதம்தான்.

படம் தெளிவில்லை, எழுத்தும் எண்ணும் ஒத்துவரவில்லை என்பது போன்ற காரணமென்றால் சண்டைக்குப் போகத் தேவையில்லை. அண்ணாச்சி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்ட்டிக்குப் போன் போட்டு, "சீலைக் கையெழுத்துக்குக் கீழ வச்சு வேற செக் கொடுங்க" என்றார். இரண்டு நாளில் புதுச் செக் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், போனில் படம் எடுத்தோம். காலை 11 மணிக்குக் கவுண்டரில் கொடுத்தார். சாயங்காலம் பட்டறையை மூடுவதற்குள் பணம் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்தது. பழைய செக்கை அன்றைக்கே பார்ட்டியிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டார்.