பிரஷரில் மூளைக்கும் பங்குண்டு: நாம் செய்யும் சில தவறுகள்

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கிறீர்கள். அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலும் மயங்கி விழுவதில்லை. கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், அழுத்தம் இறங்கியதுமே மூளைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகின்றன. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் அந்தச் சேதியைச் சுமப்பது குளுட்டமேட் என்ற நரம்பு வேதிப்பொருள். அது குறைய, ரத்தநாளங்களை இறுக்கும் பரிவு நரம்புகளை அடக்கிவைக்கும் இன்னொரு வேதிப்பொருளான காபாவும் குறைகிறது. அந்த நரம்புகளின் முனைகளில் நார்அட்ரினலின் சுரந்து ரத்தநாளங்கள் இறுகுகின்றன. இதயத்தை நிதானப்படுத்தும் அசிடைல்கோலின் குறைய, துடிப்பு கூடுகிறது. எல்லாம் சில நொடிகளில் நடந்து முடிகிறது.

நொடிக்கு நொடி மாறும் இந்த ரத்த அழுத்தத்தை, மாடியேறி வந்த மூச்சிரைப்போடு, பேசிக்கொண்டே அளந்து பார்த்துவிட்டுப் பதறுகிறோம். அளக்கும் முன் 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கை மார்பு மட்டத்தில் தாங்கலோடு இருக்கட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும் அளவு கூடும்.

“தலைவலி, படபடப்பு எதுவும் இல்லை, அதனால் பிரஷரும் இல்லை” என்பது இதைவிடப் பெரிய தவறு. அழுத்தம் நெடுநாள் கூடியே இருந்தால் உணரிகள் அந்த உயரத்துக்கே பழகிவிடுகின்றன. மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) 160 இருந்தாலும் மூளைக்கு அபாயச் சேதி போகாது. உடம்பு சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம், அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவது. குளோனிடின் மூளைத்தண்டிலேயே வேலை செய்து பரிவு நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் மருந்து. அதைத் திடீரென விட்டால் அடங்கிக் கிடந்த நார்அட்ரினலின் பீறிட்டு, ஓரிரு நாளில் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி ஏறலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரையும் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினை வெளியேற்றும். சளி மருந்துதானே என்று பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது.

எழும்போது வரும் தலைசுற்றலை வயசு என்று தள்ளிவிடுவதும் தவறு. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், இரண்டு முறை அளந்ததையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.