மாதிரிப் பைக்கான காப்புரிமைக் கோரல்: சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்புரிமை வரைவுப் பணிக்குப் புதிதாக வருபவர்களின் கோரல்களில், அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியங்களில், ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, வரைபட எண் மாறுவது போன்றவற்றை இரண்டாம் வாசிப்பே பிடித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூடிய நிலையைக் கோருவது

இரத்த மாதிரி சேகரிக்கும் பை ஒன்றின் கோப்பில் முதல் கோரல், "மாதிரிக் குழாயை உள்ளே கொண்டு, மடல் மடித்து வாய் ஒட்டப்பட்ட பை" என்றிருந்தது. பயன்பாட்டு நிலையைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள்.

இத்தகைய கோரலுடன் காப்புரிமை பெற்ற ஒரு சிறு தயாரிப்பாளர், போட்டியாளர் அதே மடலும் அதே கிழிகோடும் கொண்ட பைகளை விற்கத் தொடங்கியபோது வழியின்றி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். போட்டியாளர் விற்றவை வெற்றுப் பைகள். குழாயை வைத்து வாயை ஒட்டியவர் செவிலியர். கோரலின் கூறுகள் அனைத்தும் ஒன்றுசேர்வது மருத்துவமனையில்தான் என்பதால், நேரடி மீறல் காப்புரிமையாளரின் வாடிக்கையாளர் மீதே போய் விழுகிறது. பிறர் மீறுவதற்கான பொருளைத் தருவது போன்ற மறைமுக மீறலுக்கு அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதைப் போன்ற வெளிப்படையான பிரிவு இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இல் இல்லை.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. திருத்திய கோரல் பழைய கோரலின் எல்லைக்குள் முழுமையாக அடங்க வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. குழாயை நீக்கினால் எல்லை விரிந்துவிடும், ஆகவே அந்தத் திருத்தம் ஏற்கப்படாது.

முந்தைய பைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் எளிய வழியாகத் தோன்றுவதால்தான் குழாயைச் சேர்க்கிறார்கள். ஆனால் புதுமை பையின் அமைப்பிலேயே இருக்க வேண்டும்: ஒட்டுப்பட்டை எங்கே இருக்கிறது, அதை மூடும் உரிதாள் எதுவரை நீள்கிறது, திறக்க முயன்றால் கிழிகோடு எப்படிப் பிரிந்து காட்டுகிறது என்பவற்றை எழுதுங்கள். குழாய் "ஏற்பதற்கான" என்ற அளவில் வந்தால் போதும். மடலும் "மடித்து ஒட்டத்தக்க" மடலாகவே இருக்கட்டும்.

"கசியாத" பை

எந்த அழுத்தத்தில் கசியாது? வகை பி உயிரியல் பொருள்களை (நோயறிதலுக்கு அனுப்பும் மாதிரிகள் போன்றவற்றை) அனுப்புவதற்கான ஐ.நா.வின் பி650 பொதிவு விதி, திரவ மாதிரிகளுக்கு முதல் கொள்கலனோ இரண்டாம் பொதியோ 95 கிலோபாஸ்கல் அழுத்தத்தைக் கசிவின்றித் தாங்க வேண்டும் என்கிறது. அத்தகைய அளவையும் சோதனை முறையையும் விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தில்) தராமல் அந்தச் சொல்லை மட்டும் கோரலில் வைத்தால், தெளிவின்மை என்ற ஆட்சேபம் 10(5) பிரிவின்கீழ் எழும்.

வெப்ப ஒட்டு

வாயை வெப்பத்தால் ஒட்டுவது என்ற கூறை முதல் கோரலில் வைக்காமல், அதைச் சார்ந்து கூடுதல் கூறைச் சேர்க்கும் சார்புக் கோரலுக்குத் தள்ளுங்கள்.

முறைக் கோரல்

பையைப் பயன்படுத்தும் படிகளைக் கோரும் முறைக் கோரலை நோயறிதல்வரை நீட்டினால், நோயறியும் முறைகளுக்குக் காப்புரிமை மறுக்கும் 3(i) பிரிவு தடுக்கும். மாதிரியைப் பைக்குள் இட்டு மூடுவதோடு நிறுத்துங்கள்.