பழைய ரேஞ்சரைப் பிரிச்சு மேஞ்சு கரைக்காவலரா மாத்துன கதை, நீங்களும் செய்யலாம்

எங்க செட்ல அஞ்சு பேரு, மன்னார்குடி பக்கம், சனிக்கிழமை ராத்திரி சாப்புட்டுட்டு மொட்டமாடியில பாய் விரிச்சு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மாறி பகடை உருட்டி கதை ஆடுற கேம்) ஆடுவோம். மச்சான் ஒருத்தன் ஆசையா ரேஞ்சர்ங்குற கிளாஸ எடுத்தான், வில்லு, காடு, தடம் பாக்குறதுன்னு ஒரே கனவு, மூணாவது செஷன்லயே போன நோண்ட ஆரம்பிச்சுட்டான். அவன் மேல தப்பு இல்ல, கிளாஸ் மேலதான். அதை நான் எப்படி மாத்துனேன்னு வரிசையா சொல்றேன், இதே வழியில எந்த கிளாஸையும் நீங்க மாத்திக்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு: கிளாஸ்னா உங்க கேரக்டரோட தொழில். மந்திரவாதியா, வாள்காரனா, திருடனாங்குறது. லெவல் 1-ல இருந்து 20 வரைக்கும் ஒவ்வொரு லெவல்லயும் என்ன சக்தி கிடைக்கும்னு ஒரு பட்டியல் இருக்கும், அவ்வளவுதான். இந்த கேம் 1974-ல வந்தது, நான் பேசுறது 2014-ல வந்த அஞ்சாவது எடிஷன் ரேஞ்சரைப் பத்தி.

ஸ்டெப் 1: எங்க இடிக்குதுன்னு கண்டுபிடி

சரியில்ல, வீக்கா இருக்குன்னு பொத்தாம்பொதுவா சொன்னா வேலைக்காகாது. பழைய கிளாஸ எடுத்து ஒவ்வொரு சக்தியையும் சத்தமா படிச்சு, "இது இருந்தா ஆடுறவன் என்ன பண்ணுவான்?"னு கேளுங்க. ரேஞ்சருக்கு முதல் லெவல்ல நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு. காடு, சதுப்பு, மலைன்னு ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கலாம், அந்த நிலத்துல பயணம் போனா கூட்டம் வழி தவறாது (மந்திரத்தால தவறுனா வேற), கரடுமுரடு நிலம் வேகத்தைக் குறைக்காது, தேடுனா வழக்கத்தை விட ரெண்டு மடங்கு சாப்பாடு கிடைக்கும். கேக்க சூப்பரா இருக்குல்ல? ஆனா டேபிள்ல என்ன நடக்குதுன்னா, சதுப்புக்காட்டுல வழி தெரியாம திண்டாடுற சீன்னு டிஎம் (கதையை நடத்துறவர்) ஆசையா எழுதிட்டு வந்திருப்பாரு, ரேஞ்சர் இருக்கான்னு சொன்ன உடனே அந்த சீனே காலி. தேர்ந்தெடுத்த நிலம் வரலன்னா சக்தி சும்மா கிடக்கும், வந்துச்சுன்னா ஆட்டம் காலி. ரெண்டு பக்கமும் அவனுக்கு முடிவு எடுக்க ஒண்ணுமே இல்ல.

இதை நான் மட்டும் சொல்லல. கேம் பண்றவங்களே 2016-ல திருத்துன ரேஞ்சர் ஒண்ணைச் சோதனைக்கு விட்டாங்க, 2020-ல மாத்து சக்திகள் குடுத்தாங்க, 2024-ல மறுபடி எழுதுனாங்க. அதனால உங்களுக்கு முதல் தடவையே சரியா வரலன்னா கவலப்படாதீங்க.

ஸ்டெப் 2: ஆளு யாருன்னு ஒரே வரியில எழுது

இங்கதான் நான் ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டேன். ரேஞ்சர்னா வெள்ளக்காரன் காட்டு வேட்டைக்காரன், நமக்கு ஏது அந்த மாதிரி காடு, மிஞ்சிப்போனா முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. அப்பதான் பெரியப்பா ஞாபகம் வந்துச்சு. அவரு லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆத்துக்கரையில சைக்கிள்ல போய் ஷட்டர் ஏத்தி எறக்குற வேலை. கரையில நண்டு வளை பாத்தே எந்த எடத்துல உடைப்பு எடுக்கும்னு சொல்லிடுவாரு. அவருகிட்ட விஷயத்தைச் சொன்னேன், டி அண்ட் டி-ன்னா என்னன்னு புரியவைக்கவே அரைமணி நேரம் ஆச்சு, கடைசியா சொன்னாரு:

"ஷட்டரு எவன் வேணாலும் தூக்குவான்டா தம்பி. எதை எறக்குனா எந்த ஊர்க்காரன் மண்வெட்டியோட வருவான்னு தெரியணும்."

மொத்த கிளாஸும் அந்த வார்த்தையிலதான் நிக்குது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு பாத்திருந்தீங்கன்னா புரியும், வெண்ணாறு அங்க வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியுது. வர்றது ஒரே தண்ணி. ஜூன் 12 மேட்டூர் தொறந்து, கல்லணை தாண்டி இங்க வர்ற நேரத்துல எல்லா ஊரும் நாத்தங்காலோட காத்துக்கிட்டு இருக்கும். ஒரு பக்கம் கூட விட்டா இன்னொரு பக்கம் குறையும்.

என் ஒரு வரி: "கரைக்காவலர், ஒருத்தருக்குத் தொறந்தா இன்னொருத்தருக்கு அடைக்கிறவர்."

ஸ்டெப் 3: எலும்புக்கூட்டுல கை வைக்காத

ஹிட் டைஸ் (உயிர் அளவுக்கு உருட்டுற பகடை) டி10, அதாவது பத்து முகப் பகடை, ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ (வலிமையாலயோ சுறுசுறுப்பாலயோ ஆபத்துலேருந்து தப்பிக்க உருட்டுறது), அஞ்சாவது லெவல்ல ரெண்டாவது அடி. இதெல்லாம் அப்படியே விட்டுடுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்துனா எது கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டெப் 4: இடிக்கிற சக்திக்குப் பதிலா ஒண்ணு எழுது

நான் எழுதுனது இது:

"மடை. நீண்ட ஓய்வு முடிஞ்சதும் உங்க புரொஃபிஷியன்சி போனஸ் எவ்வளவோ அவ்வளவு மடை உங்க கையில. போனஸ் ஆக்‌ஷன்ல ஒரு மடை செலவு பண்ணி 60 அடிக்குள்ள இருக்குற ஒரு கூட்டாளிக்குத் தொறக்கலாம்: உங்க அடுத்த டர்ன் தொடங்குற வரைக்கும் அவர் வேகம் 15 அடி கூடும், கரடுமுரடு நிலம் அவரைத் தடுக்காது. அதே நேரம் 60 அடிக்குள்ள இருக்குற இன்னொரு கூட்டாளிக்கு அடைக்கணும், அவர் வேகம் 15 அடி குறையும். வேற யாரும் இல்லன்னா உங்களுக்கே அடைச்சுக்கணும்."

டர்ன்னா உங்க முறை, போனஸ் ஆக்‌ஷன்னா அதுல கூடுதலா கிடைக்குற ஒரு சின்ன செயல். புரொஃபிஷியன்சி போனஸ்னா பழகுன வேலைக்குப் பகடையில கூட்டிக்குற எண், லெவல் 1-ல 2, அஞ்சுல 3, கடைசியில 6. அதோட கட்டிவிட்டா லெவல் ஏற ஏற சக்தியும் தானா ஏறும், தனியா பட்டியல் போட வேண்டியதில்ல.

முதல்ல இதுக்கு "முறை"ன்னுதான் பேரு வச்சேன், முறைத்தண்ணி ஞாபகத்துல. டேபிள்ல ஒருத்தன் "எனக்கு மூணு முறை"ங்கறான், இன்னொருத்தன் "மூணு தடவையா, ஒரு தடவைக்கு மூணா?"ங்கறான், பத்து நிமிஷம் சண்டை. பேரை மாத்துனதும் சரியாப்போச்சு. எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை வச்சுக்குறோம், செலவு பண்ணா டப்பாவுல போட்டுடணும்.

ஸ்டெப் 5: கணக்கு போடு

இதைத் தாண்டிப் போகாதீங்க, நானே முதல் தடவை தாண்டிப் போய் அசிங்கப்பட்டேன். அடி குடுக்குற சக்தின்னு "உடைப்பு" எழுதியிருந்தேன்: எதிரி தண்ணியிலயோ சேத்துலயோ நின்னா ஒவ்வொரு அடிக்கும் 2டி8 (ரெண்டு எட்டு முகப் பகடை) கூட.

லெவல் 5, டெக்ஸ் (டெக்ஸ்டெரிட்டி) 18, அதுக்கு +4, ஆயுதம் லாங்போ (நீள வில்லு). ஒரு அம்பு டி8 கூட அந்த 4, சராசரி 8.5. எதிரியோட ஏசி (அடி படணும்னா எட்ட வேண்டிய எண்) 16-னா நமக்கு டெக்ஸ் 4, புரொஃபிஷியன்சி 3 சேந்து +7, அதாவது டி20-ல 9 இல்ல அதுக்கு மேல விழணும், 60 சதவீதம். பழைய ரேஞ்சர் ஹன்டர்ஸ் மார்க்ங்குற மந்திரத்தைப் போட்டா ஒவ்வொரு அடிக்கும் டி6 கூட, சராசரி 3.5. ஒரு அம்பு 12, ரெண்டு அம்பு 24, அதுல 60 சதவீதம் 14.4. கிரிட்டிக்கல (20 விழுந்தா கிடைக்குற கூடுதல் அடி) விட்டுடுங்க, ஒப்பிட இது போதும்.

என் உடைப்புல 2டி8 சராசரி 9. ஒரு அம்பு 17.5, ரெண்டு 35, அதுல 60 சதவீதம் 21! சதுப்புல சண்டைன்னா மத்தவங்க டீ குடிக்கப் போயிடலாம். இப்ப எழுதியிருக்கறது: ஒரு டர்னுக்கு ஒரே தடவை, டி8 மட்டும். ரெண்டு அம்புல ஒண்ணாவது படுறதுக்கு 84 சதவீதம், அதை 4.5-ஆல பெருக்குனா 3.78. வெறும் அம்பு 10.2, கூட்டுனா கிட்டத்தட்ட 14. பழசுக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு. ஒண்ணு கவனிங்க, உடைப்பு போடுற ஆளுக்கு ஹன்டர்ஸ் மார்க் கிடையாது, ஸ்பெல் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டேன், ரெண்டும் சேந்தா மறுபடி எகிறிடும்.

ஸ்டெப் 6: ஆடிப் பாரு

கேம்பெய்ன்ல (தொடர்ந்து ஆடுற பெரிய கதையில) நேரா எறக்காதீங்க. தனியா ரெண்டு சீன் வைங்க, ஒண்ணு சண்டை, ஒண்ணு சண்டை இல்லாதது. எங்களுக்கு ராத்திரி மழை, கரை உடையப் போவுது, மணல் மூட்டை தூக்கணும், அந்தப் பக்கம் முதலை. (அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்துல நெசமாவே முதலை இருக்கு, அதனால யாரும் சிரிக்கல.) மச்சான் தங்கச்சிக்குத் தொறந்து எனக்கு அடைச்சான், நான் சேத்துல மாட்டுனேன், முதலை வந்துச்சு, மாடியே அலறுச்சு, கீழேருந்து அம்மா திட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி அவன் போன கையில எடுக்கவே இல்ல.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, தாள் மேல தேதி போட்டு வைங்க. சப்கிளாஸ்லாம் (கிளாஸுக்குள்ள வர்ற கிளைகள்) அப்புறம் பாத்துக்கலாம், முதல் அஞ்சு லெவல் ஓடுனாலே ஆறு மாசம் ஆடலாம். வெளியில போடுற எண்ணம் இருந்தா, 2023-ல எஸ்ஆர்டி 5.1-ஐ (கேமோட அடிப்படை விதித் தொகுப்பு) கிரியேட்டிவ் காமன்ஸ்ல (மத்தவங்களும் எடுத்துக்கலாம்ங்குற உரிமம்) விட்டிருக்காங்க, ரேஞ்சரும் அதுல இருக்கு, அவங்க கேக்குற நன்றி வரியைப் போட்டுட்டு அதுலேருந்து எடுத்துக்கலாம்.

என் தாள் இப்ப நாலாவது வெர்ஷன். பெரியப்பா வாங்கிப் படிச்சுட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாரு, அடைபட்டவனுக்கு அடுத்த தடவை முதல் மடை தரணுமாம், இல்லன்னா கரையில ஒத்துக்க மாட்டாங்களாம். அஞ்சாவது வெர்ஷன்ல அது மட்டும்தான் மாறுது.