விதைத்த வயலில் சிறகி இறங்குகிறதா? கொல்லாமல் காக்கும் வழி

திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் பெரும்போக விதைப்பு நடக்கும் நாட்களில்தான் வலசை வாத்துகளும் குளங்களுக்கு வந்து சேரும். ஆனால் இரவில் முளைநெல் தேடி வயலில் இறங்குவது பெரும்பாலும் ஆண்டு முழுதும் இங்கேயே வாழும் சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்து.

1. முதலில் எது வந்தது என்று பாருங்கள். விடியும்போதே வரம்பில் இறங்கிச் சேற்றைக் கவனியுங்கள். சவ்வுக்கால் தடமும் மிதக்கும் உமியும் இருந்தால் சிறகி. நீண்டு விரிந்த விரல்தடமும், அடியில் கடித்துப் போட்ட தண்டும் கிடந்தால் நீலக்கோழி என்னும் நீர்ப்பறவை. அது பற்றையை ஒட்டிய ஓரத்தில்தான் மேயும். வரம்புப் புல்லை வெட்டி மறைவை எடுத்துவிட்டால் உள்ளே வரத் தயங்கும்.

2. சிறகிக்கு வேண்டியது தேங்கிய தண்ணீர். ஆகவே வயலை மட்டப்படுத்துவதுதான் பாதிக் காவல் என்பேன். விதைக்குமுன் பலகை அடித்துப் பள்ளங்களை நிரவுங்கள். சிறு வாய்க்கால் கீறி, விதைத்த அன்று தண்ணீரை முழுதாக வடியவிடுங்கள். முளை வேர்பிடித்தபின், ஒரு கிழமையளவில், கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் கட்டலாம்.

3. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவான திகதியில் எல்லோரும் சேர்ந்து விதையுங்கள். பிந்தி விதைக்கும் தனி வயலில்தான் பறவைக் கூட்டம் முழுதும் இறங்கும்.

4. பொழுதுபடும்போதே காவலுக்குப் போங்கள். இறங்கித் தின்னப் பழகிய கூட்டத்தைக் கிளப்புவது கடினம். கம்புகளில் பழைய கசற் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் அதிர்ந்து சத்தமிடும். தகரம், டோர்ச் வெளிச்சம் எல்லாம் உதவும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பொருளை விட்டால் பறவை அதற்குப் பழகிவிடும், இரண்டொரு நாளில் மாற்றுங்கள்.

5. துரத்தினால் அவை போக ஓர் இடம் வேண்டாமா? குளத்து அலைகரையையும் விதைக்காத பள்ளக் காணியையும் அவற்றுக்கு விடுங்கள், அங்கே வெடி கொளுத்தாதீர்கள். ஸ்கொட்லாந்தின் ஐலா தீவிலும் கிரீன்லாந்திலிருந்து வரும் காட்டு வாத்துகளைச் சில புல்வெளிகளில் மேயவிட்டு, விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே அப்படிப் பணமில்லை. கமக்காரர் அமைப்பு கூடிப் பேசினால் இடமாவது ஒதுக்கலாம்.

6. நஞ்சு கலந்த நெல் வேண்டவே வேண்டாம். கொக்கும், எலி பிடிக்கும் ஆந்தையும் சேர்ந்து சாகும். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பெரும்பாலான பறவைகளைக் கொல்வது குற்றமும்கூட.

பயிர் உயர்ந்து நிலத்தை மூடியதும் இரவுக் காவலை விடலாம். வெறுமையான இடங்களில், அடர்ந்த பக்கத்து நாற்றைப் பிடுங்கி நட்டு நிரப்புங்கள்.