பிரெஞ்சுக்காரர் வென்ற தென்னிந்தியா: மாற்று வரலாறு எழுதும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தென்னிந்தியாவில் நடந்த கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரைப் பிரெஞ்சுக்காரர் வீழ்த்தியதாகக் கற்பனை செய்ய முனைவோர் பெரும்பாலும் 1760ஆம் ஆண்டு வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வெல்லவைத்து விடுகின்றனர். அது காலம் கடந்த திருத்தம். 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தின் செல்வம் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்துவிட்டது. லாலியோ படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாடினார். வந்தவாசியில் அவர் வென்றிருந்தாலும், கடல்வழி அடைபட்ட புதுச்சேரி நெடுநாள் தாங்கியிருக்காது.

ஆகவே, திருப்பத்தை முன்னதாகவே வையுங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். சில வாரங்களில் அடையாற்றங்கரையில் ஒரு சிறிய பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் மகன் மகபூஸ்கானின் பெருஞ்சேனையைச் சிதறடித்தது. இவ்வளவும் கைகூடிய பிறகு, 1748இன் எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பித் தந்தது. அதற்கு ஈடாகப் பிரான்சு பெற்றது, 1745இல் வட அமெரிக்காவில் தான் இழந்திருந்த லூயிபூர் கோட்டையை. அந்தக் கோட்டை வீழாதிருந்தால் சென்னையை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே பிரான்சுக்கு எழுந்திராது என்பதால், சோழமண்டலக் கரையின் கதையை அக்கோட்டை நின்ற கேப் பிரெட்டன் தீவில் தொடங்குவதே என் பரிந்துரை.

அடுத்து, மாற்றாதவற்றை மாற்றாமலே விடுங்கள். கடலூருக்கு அருகே செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயரிடம் இருந்துகொண்டேதான் இருக்கும். திருச்சிராப்பள்ளியில், ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகம்மது அலி அவர்களிடம் உதவி கேட்கவே செய்வார். வடகிழக்குப் பருவக்காற்றின்போது இந்தக் கரையில் கப்பற்படை தங்க இயலாது. 1746 அக்டோபர்ப் புயல் லா போர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்ததை நினைவில் கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தளமான மொரீசியசிலிருந்து துணை வந்து சேரும் காலத்தைக் கணக்கிடாமல் எந்த முற்றுகையையும் எழுதாதீர்கள். செலவுக்கு அஞ்சிய பாரிசு நிர்வாகிகள் 1754இல் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயைத் திரும்ப அழைத்தனர். சென்னையின் சுங்க வருவாய் அந்த அச்சத்தைத் தணித்திருக்குமா என்பதற்கு உங்கள் கதையே விடை சொல்ல வேண்டும்.

மக்களின் அன்றாடத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை விடச் சிறந்த துணையில்லை. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த அவர், பேரம், வதந்தி, சாதிப்பூசல், சரக்கு விலை என எதையும் விடாமல் எழுதினார். 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் இருக்கிறது. வென்ற பிரெஞ்சுக்காரரைக் கனிவான ஆட்சியாளராக வரையும் ஆசை எழும்போதெல்லாம் அப்பக்கங்களைப் படியுங்கள்.

கதையைப் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789க்கு அப்பால் நீட்டுவதானால் இன்னுமொரு கணக்கு உண்டு. அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவு பிரெஞ்சுக் கருவூலத்தை முடக்கிய காரணங்களுள் ஒன்று. கனடாவில் பிரெஞ்சுக்காரர் வலுவாக நிற்கும் உலகில், அவர்களுக்கு அஞ்சும் வட அமெரிக்காவின் பதின்மூன்று ஆங்கிலக் குடியேற்றங்கள் ஆங்கில மன்னரின் பாதுகாப்பை உதறத் துணியுமா என்பதை முடிவு செய்த பிறகே பாரிசில் புரட்சியை எழுதுங்கள்.